ஷென்மூ 3: பதினெட்டு ஆண்டுக் காத்திருப்பும் ஒரே ஒரு கடையும்

ஷென்மூ 2 ஒரு குகைக்குள் முடிகிறது. தந்தையைக் கொன்றவனைத் தேடி ஜப்பானிலிருந்து ஹாங்காங் வழியாகச் சீனாவின் குய்லின் மலைப்பகுதி வரை வந்துவிட்ட ரியோ ஹஸுக்கி என்ற இளைஞன், வழியில் சந்தித்த ஷென்ஹுவா என்ற பெண்ணுடன் அவளுடைய தந்தையைத் தேடி அந்தக் குகைக்குள் நுழைகிறான். ஒரு வாளை அதற்குரிய இடத்தில் பொருத்துகிறார்கள். ரியோ கொண்டுவந்த ஃபீனிக்ஸ் கண்ணாடி ஒளிவிட்டு மேலெழும்புகிறது. குகைச் சுவரில் டிராகனும் ஃபீனிக்ஸும் ஆளுயரத்தைத் தாண்டிய பெரும் செதுக்கல்களாகத் துலங்குகின்றன. அத்தோடு கதை நின்றுவிடுகிறது. 2001 செப்டம்பரில் ஜப்பானில் வெளியான இந்த வீடியோ கேமின் அடுத்த காட்சி 2019 நவம்பரில்தான் வந்தது.

இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகளில் ரசிகர்கள் கேட்டதெல்லாம் கதையின் மீதியைத்தான். ஆனால் கடைசி ஐந்து மாதங்களில் அவர்களில் பலரின் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. கணினிக்கான பதிப்பு எந்த இணையக் கடையில் விற்கப்படும், முன்பே பணம் கொடுத்தவர்களுக்கு அது எங்கே வந்து சேரும் என்பதே பெரிய வழக்காயிற்று. ஒரு விளையாட்டை ஒரே கடையில் மட்டும் விற்கும் ஏற்பாட்டை ஆங்கிலத்தில் எக்ஸ்க்ளூசிவ் என்கிறார்கள். இங்கே அதைத் தனிவிற்பனை என்று அழைக்கலாம். ஷென்மூ 3 விவகாரத்தை எபிக், ஸ்டீம் என்ற இரு கடைகளின் சண்டையாக மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். கொடுத்த வாக்கை மாற்றும் உரிமை யாருக்கு உண்டு, அந்த மாற்றம் எந்தக் கட்டத்தில் நேர்கிறது என்பதே அதன் உள்ளே இருந்த கேள்வி.

யோக்கோசுக்காவின் இழுப்பறைகள்

ஷென்மூவை உருவாக்கியவர் யூ சுசுகி. சேகா நிறுவனத்தில் ஹேங்-ஆன், ஸ்பேஸ் ஹாரியர், அவுட் ரன், வெர்ச்சுவா ஃபைட்டர் போன்ற ஆர்கேட் விளையாட்டுகளைத் தந்தவர். மூன்று நிமிடம் விளையாடிவிட்டு அடுத்த நாணயத்தைத் தேடும் அந்த உலகத்திலிருந்து விலகி, மணிக்கணக்கில் வாழக்கூடிய ஒரு நகரத்தை அமைக்க அவர் முற்பட்டார். 1999 டிசம்பர் 29 அன்று சேகாவின் டிரீம்காஸ்ட் கன்சோலுக்காக ஜப்பானில் முதல் பாகம் வெளிவந்தது.

கதை நடப்பது 1986-இன் இறுதியில், யோக்கோசுக்கா என்ற துறைமுக நகரில். ரியோவின் வீட்டில் இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்கலாம். உள்ளே இருக்கும் பொருளைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். பெரும்பாலானவற்றுக்கும் கதைக்கும் தொடர்பே இராது. தெருவில் கடைகள் அவற்றுக்குரிய நேரத்தில் திறந்து மூடும். கடைக்காரர் மாலையில் வீடு திரும்புவார். யோக்கோசுக்காவில் அந்த நாட்களில் உண்மையில் நிலவிய வானிலையைப் பதிவேடுகளிலிருந்து எடுத்து, அதே நாளில் அதே மழையும் பனியும் பெய்யும்படி விளையாடவும் வழி செய்திருந்தார்கள். ஆர்கேட் கூடத்துக்குள் நுழைந்தால் சுசுகியே முன்பு உருவாக்கிய ஹேங்-ஆனும் ஸ்பேஸ் ஹாரியரும் விளையாடத் தயாராக நிற்கும். துறைமுகத்தில் ரியோ ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலைக்குச் சேர்கிறான்; காலையில் போய், பெட்டிகளை ஏற்றி இறக்கி, நாள் கூலி வாங்குகிறான். பழிவாங்கும் கதையின் நடுவே கூலி வேலைக்கு அத்தனை நேரம் ஒதுக்கிய விளையாட்டு அதற்குமுன் அரிது. இந்தப் பொறுமைதான் சிலருக்குச் சலிப்பூட்டியது; சிலரை வாழ்நாள் முழுவதும் கட்டிப்போட்டது. ரசிகர்களின் ஏக்கத்தில் கதையின் முடிவைத் தெரிந்துகொள்ளும் ஆவலைவிட அந்த ஊருக்குத் திரும்பும் ஆசை மிகுதி என்றே சொல்ல வேண்டும்.

விலை பெரிது. விளம்பரச் செலவையும் சேர்த்து 4.7 கோடி டாலர் ஆனதாகச் சுசுகி பிற்பாடு கூறினார். அந்தக் காலத்தில் வேறு எந்த விளையாட்டுக்கும் அவ்வளவு செலவாகவில்லை என்று கருதப்பட்டது. விற்பனை சுமார் 12 லட்சம் பிரதிகள். இது குறைவான எண் அல்ல. ஆனால் டிரீம்காஸ்ட் வைத்திருந்தவர்களே வாங்க முடியும். அந்தக் கன்சோலோ சோனியின் பிளேஸ்டேஷன் 2-க்கு முன்னால் தோற்றுக்கொண்டிருந்தது. 2001 ஜனவரி 31 அன்று அதன் உற்பத்தியை நிறுத்தப்போவதாகச் சேகா அறிவித்தது. ஏழு மாதங்கள் கழித்து வெளிவந்த இரண்டாம் பாகம், இறந்துபோன ஒரு கருவிக்காக வந்த விளையாட்டு.

தனிவிற்பனை ஷென்மூவுக்கு அப்போதே அறிமுகமாகிவிட்டது. வட அமெரிக்காவில் ஷென்மூ 2-இன் டிரீம்காஸ்ட் பதிப்பு ரத்தாகி, 2002-இல் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸில் மட்டும் வெளியானது. முதல் பாகத்தை விளையாடாத எக்ஸ்பாக்ஸ்காரர்களுக்காக அதன் காட்சிகளைத் தொகுத்து ஒரு திரைப்பட வட்டையும் பெட்டிக்குள் வைத்தார்கள். முதல் பாகத்தில் சேமித்த நிலையை இரண்டாம் பாகத்துக்கு எடுத்துச் செல்லும் வசதி டிரீம்காஸ்டில் இருந்தது. புதிய கருவியில் அதற்கு வழியில்லை. முதல் பாகத்தில் சேர்த்த பொருள்களையும் பழகிய சண்டை நுணுக்கங்களையும் அமெரிக்க ரசிகர் விட்டுவிட்டே வர வேண்டியிருந்தது. விருப்பமான கதை தொடர வேண்டுமானால் புதிய கருவி வாங்கு என்ற அந்தக் கட்டளை, 2019-இன் தகராறுக்கு ஒரு முன்னோட்டம் போல் இருக்கிறது.

அதன்பின் நீண்ட மௌனம். 2004-இல் அறிவிக்கப்பட்ட ஷென்மூ ஆன்லைன் வெளிவராமலே கைவிடப்பட்டது. ஜப்பானிய மொபைல்களுக்காக வந்த ஷென்மூ சிட்டி விரைவிலேயே மூடப்பட்டது. சுசுகி 2008-இல் ஒய்எஸ் நெட் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கி, படிப்படியாகச் சேகாவிலிருந்து வெளியேறினார். ரசிகர்கள் ஒவ்வொரு மாதமும் 3-ஆம் தேதி ட்விட்டரில் ஒரே நேரத்தில் கூடி மூன்றாம் பாகம் கேட்டுப் பதிவிட்டார்கள். பெரிய நிறுவனம் எதுவும் காசு போடத் தயாராக இல்லாத ஒரு கதைக்காக, பதில் வராது என்று தெரிந்தும், ஆண்டுக்கணக்கில் மாதந்தோறும் எழுதிய விடாப்பிடி அது.

ஒன்பது மணி நேரம்

2015 ஜூன் 15 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த இ3 கண்காட்சியின் சோனி மேடையில் சுசுகி ஏறி, ஷென்மூ 3-க்காகக் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் நிதி திரட்டுவதாக அறிவித்தார். கிக்ஸ்டார்ட்டர் என்பது இன்னும் உருவாகாத ஒரு பொருளுக்குப் பொதுமக்கள் முன்பணம் தரும் இடம். தருபவருக்கு நிறுவனத்தில் பங்கு கிடையாது, லாபத்தில் உரிமை கிடையாது. கொடுத்த தொகைக்கேற்ப, பொருள் உருவானால் அதன் ஒரு பிரதியும் சில பரிசுகளும் கிடைக்கும் என்ற வாக்கு மட்டும் உண்டு. இலக்கு 20 லட்சம் டாலர். இரண்டு மணி நேரத்துக்குள் அதில் பாதி சேர்ந்தது. ஒன்பது மணி நேரத்துக்குள் முழுவதும் சேர்ந்தது. ஒரு மாதத்தின் முடிவில் 69,320 பேர் 63,33,295 டாலர் தந்திருந்தார்கள். கிக்ஸ்டார்ட்டரில் அதுவரை எந்த வீடியோ கேமுக்கும் இவ்வளவு சேர்ந்ததில்லை.

இந்த இரு எண்களையும் வகுத்தால் தலைக்குச் சுமார் 91 டாலர் வருகிறது. அன்று ஒரு புதிய பெரிய விளையாட்டின் வழக்கமான விலை 60 டாலர். முழு விலைக்கும் மேலாக, விளையாட்டு கைக்கு வர இரண்டரை ஆண்டாகும் என்று அறிவிக்கப்பட்ட நிலையில், சராசரியாக இவ்வளவு தந்திருக்கிறார்கள். வாங்குபவர் இப்படி நடந்துகொள்ள மாட்டார். இவர்கள் பாதிப் புரவலர்கள், பாதி வாடிக்கையாளர்கள். இந்த இரட்டை நிலைதான் பின்னால் சிக்கலின் வேர். கடைக்கு வந்த வாடிக்கையாளராகப் பார்த்தால், பொருள் எந்தக் கடையில் கிடைத்தாலும் அவருக்குப் பிரதி வந்துவிட்டது என்று வாதிடலாம். புரவலராகப் பார்த்தால், அவரைக் கேட்காமல் நிபந்தனையை மாற்றியது தவறு.

விளையாட்டு பிளேஸ்டேஷன் 4-க்கும் பிசிக்கும் வரும் என்று சொல்லப்பட்டது. 2015-இல் பிசி விளையாட்டு என்றாலே பெரும்பாலும் ஸ்டீம்தான். நிதி தந்தவர்களுக்கு ஸ்டீம் கீ, அதாவது விளையாட்டைத் தங்கள் ஸ்டீம் கணக்கில் சேர்த்துக்கொள்ள உதவும் குறியீடு, வழங்குவதே திட்டமாகவும் இருந்தது. எபிக் கேம்ஸ் ஸ்டோர் அப்போது பிறக்கவே இல்லை.

2017 டிசம்பர் என்று குறித்த வெளியீடு தள்ளிப்போயிற்று. 2017 ஆகஸ்டில் டீப் சில்வர் என்ற பதிப்பகம் வெளியீட்டுப் பொறுப்பை ஏற்றது. 2018 ஆகஸ்டில் சேகா முதல் இரு பாகங்களையும் புதுப்பித்துப் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன், பிசி மூன்றுக்கும் வெளியிட்டது. பிசி பதிப்பு ஸ்டீமில் வந்தது. முதல் இரு பாகங்களும் ஸ்டீமில் இருக்க, மூன்றாவதும் அங்கேதான் வரும் என்று எதிர்பார்த்ததில் வியப்பில்லை.

கடைகளின் கணக்கு

ஸ்டீம், அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2003 செப்டம்பரில் தொடங்கியது. இன்று அதை விரும்புகிறவர்கள் பலருக்கு அதன் தொடக்கம் நினைவில் இல்லை. 2004 நவம்பரில் ஹாஃப்-லைஃப் 2 வெளியானபோது, கடையில் வட்டு வாங்கியவரும் இணையத்தில் இணைந்து ஸ்டீமை நிறுவினால்தான் விளையாட முடியும் என்றாயிற்று. வெளியீட்டு நாளில் சர்வர்கள் திணறின. காசு கொடுத்து வாங்கிய வட்டைக் கையில் வைத்துக்கொண்டு மக்கள் காத்திருந்தார்கள். ஆகப் புகழ்பெற்ற ஒரு தொடர்ச்சியைக் காட்டி ஒரு கடைக்குள் ஆட்களை வரவழைக்கும் உத்தி ஸ்டீமின் பிறப்போடு வந்தது. எபிக் அதைப் பின்னாளில் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு வேறுபாடு உண்டு: ஹாஃப்-லைஃப் 2 வால்வின் சொந்தப் படைப்பு.

ஸ்டீம் மெல்ல மெல்ல நம்பிக்கை பெற்றது. வாங்கியவர்களின் மதிப்புரைகள், நண்பர் பட்டியல், சேமித்த நிலையை இணையத்தில் காத்துவைத்தல், ரசிகர்களே மாற்றங்கள் செய்து பகிரும் ஒர்க்‌ஷாப், 2015 ஜூன் முதல் 14 நாட்களுக்குள் இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும் ஏற்பாடு ஆகியவை ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. பத்துப் பதினைந்து ஆண்டு வாங்கிச் சேர்த்த நூலகம் ஒருவருக்கு அங்கே இருக்கும். புதிய கடைக்குப் போக இலவசமாக ஒரு கணக்குத் திறந்தால் போதுமே என்று சொல்பவர்கள் இந்தச் சேர்மானத்தின் எடையை மதிப்பதில்லை. டிஜிட்டல் விளையாட்டில் வாங்குபவர் பெறுவது பயன்படுத்தும் உரிமம் மட்டுமே. அந்த உரிமம் எந்த நிறுவனத்தின் கணக்கில் தங்குகிறதோ, அந்த நிறுவனம் நிலைக்கும்வரைதான் அதற்கு உயிர். எந்தக் கடை என்ற கேள்விக்கு வாங்குபவர் காட்டும் அக்கறையில் நியாயம் இருக்கிறது.

விற்பவர் பக்கக் கணக்கு வேறு. ஸ்டீமில் விற்கும் ஒவ்வொரு பிரதியிலும் 30 சதவீதம் கடைக்குப் போகும். 2018 இறுதியில் பெரிய விற்பனைகளுக்குச் சலுகை வந்தது: 1 கோடி டாலரைத் தாண்டிய பின் 25 சதவீதம், 5 கோடியைத் தாண்டிய பின் 20 சதவீதம். சிறிய நிறுவனங்கள் அந்த உயரத்தை எட்டுவதில்லை. 2018 டிசம்பர் 6 அன்று, தன் ஃபோர்ட்நைட் விளையாட்டு ஈட்டித் தந்த பெருஞ்செல்வத்தின் பலத்தில், எபிக் தன் கடையைத் திறந்தது. அங்கே அப்போது கடையின் பங்கு 12 சதவீதம் மட்டுமே. விளையாட்டுகளை உருவாக்க உதவும் அன்ரியல் எஞ்சின் எபிக்கின் சொந்த மென்பொருள் என்பதால், அதைக் கொண்டு செய்த விளையாட்டு எபிக் கடையில் விற்றால் அதற்குரிய 5 சதவீத ராயல்டியும் கிடையாது.

ஷென்மூ 3 அன்ரியல் எஞ்சினில் செய்யப்பட்டது. 60 டாலர் விலையுள்ள அப்படிப்பட்ட ஒரு விளையாட்டு ஸ்டீமில் விற்றால், கடைக்கு 18 டாலரும் எஞ்சினுக்கு 3 டாலரும் போக 39 டாலர் மிஞ்சும். எபிக்கில் 52 டாலர் 80 சென்ட் மிஞ்சும். பிரதி ஒன்றுக்கு 13 டாலர் 80 சென்ட் கூடுதல். செலவு மிகுந்து காலம் கடந்துபோன ஒரு படைப்புக்கு இந்த வேறுபாடு பெரியது.

இதற்கும் மேலே உறுதித் தொகை என்ற ஒன்று இருந்தது. இன்ன அளவு விற்பனைக்கு நாங்கள் பொறுப்பு, விற்காவிட்டாலும் அந்தத் தொகையைத் தருகிறோம் என்று எபிக் ஒப்புக்கொண்டது. ஃபின்லாந்தின் ரெமடி நிறுவனம் உருவாக்கிய கண்ட்ரோல் விளையாட்டுக்கு இவ்வகையில் 94.9 லட்சம் யூரோ தரப்பட்டது என்பது, அதன் பதிப்பகத்தின் தாய் நிறுவனமான டிஜிட்டல் பிரோஸ் வெளியிட்ட கணக்கு அறிக்கையில் தெரிந்தது. எபிக்குக்கும் ஆப்பிளுக்கும் 2021-இல் நடந்த வழக்கின் ஆவணங்கள், 2020-ஆம் ஆண்டுக்கு மட்டும் எபிக் 44.4 கோடி டாலர் உறுதித் தொகை ஒப்புக்கொண்டிருந்ததைக் காட்டின. விளையாட்டு வெளிவருவதற்கு முன்பே அதன் ஆபத்தை இன்னொருவர் ஏற்றுக்கொள்வது எந்தப் பதிப்பகத்துக்கும் மறுக்க முடியாத அழைப்பு. பதிலுக்கு எபிக் கேட்டது, வழக்கமாக, ஸ்டீமிலிருந்து ஓராண்டு விலகியிருத்தல்.

2019 ஜூன் 10

அன்று இ3 வாரத்தில் நடந்த பிசி கேமிங் ஷோவில் ஷென்மூ 3-இன் புதிய முன்னோட்டம் காட்டப்பட்டது. பிசி பதிப்பு எபிக் கடையில் மட்டுமே வரும் என்பது அத்தோடு வெளிப்பட்டது. நான்கு ஆண்டுகளுக்கு முன் பணம் கொடுத்தவர்களுக்குத் தனியாக ஒரு கடிதம் வருவதற்குமுன், உலகமே பார்க்கும் விளம்பரத்தில் அவர்கள் இதைத் தெரிந்துகொண்டார்கள். முடிவைக் காட்டிலும் அது தெரிய வந்த விதம் கூடுதலாகக் காயப்படுத்தியது என்று கொள்ள இடமுண்டு.

ஸ்டீம் கீயைத் தனியாகக் கொடுத்துவிட்டால் என்ன என்று பலர் கேட்டார்கள். கேள்வி நியாயமானது, ஏனென்றால் ஸ்டீம் கீகளை உருவாக்க வால்வ் பணம் வாங்குவதில்லை, வெளியே தரப்படும் கீயில் பங்கும் கேட்பதில்லை. ஆனால் கீ வேலை செய்ய விளையாட்டு ஸ்டீமின் சர்வர்களில் ஏற்றப்பட்டு, அங்கே ஆதரிக்கப்பட வேண்டும். தனிவிற்பனை ஒப்பந்தம் தடுப்பது அதைத்தான். ஸ்டீமின் இலவசச் சேவையை நிதியளித்தவர்களுக்காக மட்டும் பயன்படுத்தி, விற்பனையை முழுவதும் போட்டிக் கடைக்குத் தருவது வால்வுக்கும் உவப்பாக இராது. இருபுறமும் அடைபட்ட வழி.

தெளிவான பதிலுக்கு மூன்று வாரம் பிடித்தது. 2019 ஜூலை 2 அன்று ஒய்எஸ் நெட் வழிகளை முன்வைத்தது: எபிக் கீ வாங்கிக்கொள்ளலாம், பிளேஸ்டேஷன் 4 பதிப்புக்கு மாறலாம், வெளியாகி ஓராண்டு கழித்து ஸ்டீம் கீ பெறலாம், அல்லது பணத்தைத் திரும்பக் கேட்கலாம். இந்த அறிவிப்பால் திரும்பிப் போகும் பணம் விளையாட்டின் தயாரிப்பு நிதியைக் குறைத்துவிடாதபடி, அந்தச் செலவை எபிக்கே ஏற்கும் என்று அதன் தலைவர் டிம் ஸ்வீனி அறிவித்தார். பொதுமக்கள் நிதியில் உருவாகும் விளையாட்டுகளோடு இனி ஒப்பந்தம் செய்யும்போது, மற்றக் கடைகளோடு முன்கூட்டியே பேசிக் கீக்கு வழி செய்வோம், அல்லது அறிவிக்கும் நாளிலேயே பணத்தைத் திருப்பித் தர உறுதியளிப்போம் என்றும் சொன்னார். பணம் திரும்பக் கிடைத்தது நல்ல தீர்வுதான். ஆனால் ஒருவர் 2015-இல் கொடுத்தது, அது இல்லாவிட்டால் விளையாட்டே இல்லை என்ற நிலையில் கொடுத்த பணம். 2019-இல் திரும்பி வருவது வெறும் டாலர்.

இதில் மன்னிக்கக் கடினமான ஒன்று, இது எதிர்பாராமல் நிகழ்ந்ததல்ல என்பது. அதே டீப் சில்வர் பதிப்பகம் அதே ஆண்டு ஜனவரி 28 அன்று மெட்ரோ எக்ஸோடஸ் என்ற விளையாட்டை ஸ்டீமிலிருந்து எபிக்குக்கு மாற்றியிருந்தது. வெளியீட்டுக்கு 18 நாளே இருந்தது. ஸ்டீமில் பல மாதங்களாக முன்பதிவு நடந்துகொண்டிருந்தது. அச்சாகிவிட்ட பெட்டிகளில் ஸ்டீம் சின்னத்தின் மேல் எபிக் ஸ்டிக்கர் ஒட்டப்பட்டுக் கடைகளுக்குப் போயின. முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும் ஸ்டீமிலேயே விளையாட்டு கிடைத்தது. நீண்ட முன்பதிவுக்குப் பின் இப்படி விலக்குவது தன் வாடிக்கையாளர்களுக்கு நியாயமல்ல என்று வால்வ் அந்த விளையாட்டின் பக்கத்திலேயே எழுதி வைத்தது. இந்த அனுபவத்துக்குப் பிறகு, ஷென்மூ 3-க்கு நிதி தந்த எண்பதாயிரம் பேர் என்ன சொல்வார்கள் என்பதை யூகிப்பது கடினமாக இருந்திருக்காது. (முதல் மாதத்துக்குப் பிறகும் நிதி பெறப்பட்டது; 2018 வரை மொத்தம் 81,087 பேர்.)

கோபம் போன வழிகள்

2019 முழுவதும் இத்தகைய தகராறுகள் அடுத்தடுத்து வந்தன. பல்கேரியாவின் ஸ்னாப்ஷாட் கேம்ஸ் நிறுவனத்துக்காக, எக்ஸ்-காம் விளையாட்டை உருவாக்கிய ஜூலியன் காலப் தலைமையில் தயாரான ஃபீனிக்ஸ் பாயிண்டும் மக்கள் நிதியில் பிறந்தது. ஸ்டீம் அல்லது ஜிஓஜி என்ற மற்றொரு கடையின் கீ தருவதாக வாக்களித்திருந்தார்கள். மார்ச்சில் அது எபிக்குக்குப் போயிற்று. ஆனால் அறிவித்தபோதே பணம் திரும்பக் கிடைக்கும் வழியையும், ஓராண்டு கழித்துப் பழைய கீயும் உண்டு என்பதையும் சேர்த்தே சொன்னார்கள். கசப்பு இருந்தது, ஷென்மூவில் நேர்ந்த மூன்று வாரக் குழப்பம் இங்கே இல்லை.

பார்டர்லேண்ட்ஸ் 3 ஏப்ரலில் எபிக்கின் ஆறு மாதத் தனிவிற்பனையாக அறிவிக்கப்பட்டதும், ரசிகர்கள் ஸ்டீமில் அதே தொடரின் பழைய பாகங்களுக்குக் கூட்டங்கூட்டமாகக் கீழான மதிப்பீடு தந்தார்கள். விளையாட்டோடு தொடர்பற்ற இத்தகைய மதிப்பீடுகளைக் கணக்கிலிருந்து நீக்கும் ஏற்பாட்டை வால்வ் அப்போதுதான் கொண்டுவந்திருந்தது. பார்டர்லேண்ட்ஸில் அது பயன்படுத்தப்பட்டது. இதனால் விற்பனை ஒன்றும் கெடவில்லை.

கோபம் வெறுப்பாக மாறிய இடமும் உண்டு. ஊப்லெட்ஸ் என்ற சிறிய பண்ணை விளையாட்டை இரண்டே பேர் செய்துகொண்டிருந்தார்கள். 2019 ஆகஸ்டில் எபிக்கின் உறுதித் தொகையை ஏற்றதாக அவர்கள் அறிவித்ததும், ஆயிரக்கணக்கான வசைகளும் மிரட்டல்களும் குவிந்தன. அவர்கள் யாருக்கும் ஸ்டீம் கீ வாக்களித்து முன்பணம் வாங்கிக் கைவிட்டவர்கள் அல்லர். வாக்கு மீறியவரையும், தன் பிழைப்புக்கு நல்ல ஒப்பந்தம் ஒன்றைத் தேர்ந்தவரையும் ஒரே தட்டில் வைத்த கூட்டம், தன் நியாயத்தைத் தானே அழித்துக்கொண்டது.

எல்லாத் தனிவிற்பனையும் ஒன்றல்ல

ஆலன் வேக்கின் கதை இந்த வேறுபாட்டைத் தெளிவாக்குகிறது. ரெமடி நிறுவனத்தின் ஆலன் வேக் 2010-இல் எக்ஸ்பாக்ஸ் 360-க்கு மட்டும் வந்தது. 2012-இல் பிசிக்கு வந்தபோது, அந்தப் பதிப்புக்கான செலவு 48 மணி நேரத்தில் திரும்பிவிட்டதாக ரெமடி சொன்னது. முதல் பாகமும் திறந்த முடிவோடு நின்றது; அதன் ரசிகர்களும் பதின்மூன்று ஆண்டு காத்திருந்தார்கள். வெளியீட்டு உரிமை 2019-இல் மைக்ரோசாஃப்டிடமிருந்து ரெமடிக்குத் திரும்பியது. 2020-இல் எபிக் பதிப்பகமாக உள்ளே வந்தது. அதன் நிபந்தனைகள் வெளிப்படையாக அறிவிக்கப்பட்டன: தயாரிப்புச் செலவு முழுவதையும் எபிக் ஏற்கும்; அது திரும்பி வந்தபின் லாபத்தை இருவரும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வார்கள். 2023 அக்டோபர் 27 அன்று ஆலன் வேக் 2 வெளியானது. பிசியில் எபிக் கடையில் மட்டுமே.

முணுமுணுப்பு இங்கும் உண்டு. ஸ்டீமில் வரும்வரை வாங்க மாட்டோம் என்பவர்கள் இருக்கிறார்கள். பல்லாண்டு ஆதரித்த கடையில் தொடர்ச்சி இல்லை என்பது அவர்களுக்கு வருத்தமே. ஆனால் வாக்கு மீறல் என்ற குற்றச்சாட்டு இங்கே எழ முடியாது. ஒருவரிடமும் முன்பணம் வாங்கவில்லை. வேறு கடையின் பெயரைச் சொல்லவில்லை. எபிக்கின் பணம் வந்தது உருவாக்கத்தின் தொடக்கத்தில். நிண்டெண்டோவின் பணத்தில் 2014-இல் வீ யூ கன்சோலுக்கு மட்டும் வந்த பேயோனெட்டா 2-க்கும் இதே நிலை. சேகா கைவிட்ட அந்தத் தொடர்ச்சியை வேறு யாரும் எடுக்க முன்வரவில்லை.

பொருள் உருவாக வழி செய்யும் தனிவிற்பனையும், ஏறக்குறைய உருவாகிவிட்ட பொருளை வேறிடத்துக்கு இழுத்துச் செல்லும் தனிவிற்பனையும் பெயரால் மட்டுமே ஒன்று. முன்னதில் கடை ஆபத்தை ஏற்கிறது. பின்னதில், ஆபத்தை ஏற்கெனவே ஏற்றுவிட்ட ரசிகர்களிடமிருந்து அவர்கள் காத்திருந்த பொருளின் மதிப்பைக் கடை விலைக்கு வாங்குகிறது. விலை வேறொருவருக்குப் போகிறது. ஷென்மூ 3 இந்த இரண்டாவது வகையில் நிற்கிறது. எபிக்கின் பணம் அந்த விளையாட்டைச் சற்று மேம்படுத்த உதவியிருக்கலாம் என்பதை மறுப்பதற்கில்லை. அதைப் பிறக்க வைத்தது 2015-இன் ஒன்பது மணி நேரம்.

எபிக் தன் முறையைப் போட்டியின் பேரால் நியாயப்படுத்தியது. எல்லாருக்கும் 88 சதவீதம் தர ஸ்டீம் நிரந்தரமாக ஒப்புக்கொண்டால் தனிவிற்பனையை நிறுத்திவிடுவதாக ஸ்வீனி 2019 ஏப்ரலில் கூறினார். ஸ்டீம் இறங்கி வரவில்லை. பொருள்களைச் சேர்த்து ஒன்றாக வாங்கும் கூடை வசதிகூட எபிக் கடைக்கு 2021 டிசம்பரில்தான் வந்தது; கடை இன்னும் லாபம் ஈட்டவில்லை என்று 2023-இல் கூகுளுடனான வழக்கில் அதன் பொறுப்பாளரே சாட்சி சொன்னார். விற்பவருக்குக் கூடுதல் பங்கு தருவதில் காட்டிய தாராளம், வாங்குபவருக்கான வசதிகளில் நெடுங்காலம் இல்லாமற் போனது. தனிவிற்பனையால் உள்ளே வந்தவர்கள் தங்காமல் போனதற்கு இது முக்கியமான காரணம்.

குகையின் மறுபக்கம்

ஷென்மூ 3, 2019 நவம்பர் 19 அன்று வெளியானது. 2001-இல் நின்ற அதே குகைக்குள், அதே ஒளியில் அது தொடங்குகிறது. பைலூ கிராமம், பிறகு நியாவோவூ என்ற ஆற்றங்கரை நகரம். இழுப்பறைகள், மூலிகை பறித்தல், விறகு வெட்டுதல், மறுபடியும் ஃபோர்க்லிஃப்ட். பழைய ரசிகர்களில் பலருக்கு இது வீடு திரும்பிய நிறைவைத் தந்தது. புதியவர்களுக்குக் காலாவதியாகிப் போன ஒன்றாகத் தெரிந்தது. விமர்சகர்களின் சராசரி மதிப்பெண் நூற்றுக்கு அறுபதுகளின் பிற்பகுதியில் நின்றது. சரியாக ஓராண்டு கழித்து, 2020 நவம்பர் 19 அன்று ஸ்டீமிலும் வந்தது. காத்திருந்தவர்களுக்குக் கீ கிடைத்தது.

கதை முடியவில்லை. மூன்றாம் பாகத்தோடு மொத்தக் கதையில் ஏறத்தாழ 40 சதவீதமே ஆகியிருக்கும் என்று சுசுகி சொல்லியிருந்தார். தந்தையைக் கொன்ற லான் டி உயிரோடு இருக்கிறான். ரியோவும் ஷென்ஹுவாவும் நண்பன் ரென்னும் சீனப் பெருஞ்சுவரின் மேல் நடந்து போகிறார்கள், அங்கே நிற்கிறது. 2022-இல் வந்த அனிமே தொடர் முதல் இரு பாகங்களின் கதையை மட்டும் சொல்லி ஒரே பருவத்தோடு நின்றது. 2025 ஏப்ரலில் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு, எல்லாக் காலத்திலும் மிகுந்த செல்வாக்குச் செலுத்திய விளையாட்டு எது என்று பொதுமக்களிடம் கேட்டபோது, ஷென்மூ முதலிடம் பெற்றது. அதே ஆண்டு ஐநின் கேம்ஸ் என்ற நிறுவனம் ஷென்மூ 3-இன் வெளியீட்டு உரிமையைப் பெற்று, மேம்படுத்திய பதிப்பு ஒன்றை அறிவித்தது.

நான்காம் பாகத்துக்கான வேண்டுகோள் மாதந்தோறும் தொடர்கிறது. பெயரும் பாத்திரங்களும் சேகாவுக்குச் சொந்தம். ஒய்எஸ் நெட் மூன்றாம் பாகத்துக்கு உரிமம் வாங்கித்தான் செய்தது. நான்காவதற்கும் அந்த உரிமம் வேண்டும், நிதி தருபவர் வேண்டும், விற்கும் இடம் வேண்டும். மறுபடியும் மக்களிடம் நிதி கேட்கும் நிலை வந்தால், எந்தக் கடையில் கீ கிடைக்கும் என்பது கேட்கப்படும் முதல் கேள்விகளில் ஒன்றாக இருக்கும். 2015-இல் அதைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.